முதல் டென்ட் இரவு: பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் பையில் எதை வைப்பது, எதை விடுவது

ஊரிலிருந்து வேலை கிடைத்து பெங்களூருக்கு வரும் தம்பி தங்கைகள் யாராவது ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். வந்து ஆறு மாதம் ஆவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் டென்ட் போட்டுத் தங்கப் போறாங்க. நான் என்னென்ன வாங்கணும்?" கேட்கும்போதே கையில் போன் இருக்கும், அதில் முப்பது நாற்பது பொருள் கொண்ட பட்டியல் ஒன்று திறந்திருக்கும்.

அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்பேன்: நீங்கள் படுக்கப் போகிற இடம் ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருக்கும்? எவ்வளவு குளிரும், தரை மண்ணா பாறையா, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மழை வருமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் பையில் எதை வைப்பது என்பதில் பெரிய குழப்பம் வராது. தெரியாமல் கடைக்குப் போனால் பத்தாயிரம் ரூபாய் செலவழித்தும் குளிரில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஓர் இரவு நடந்திருக்கிறது. அதைத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இங்கே எழுதுவது ஓர் இரவு, அதிகம் போனால் இரண்டு இரவு தங்கப் போகிறவர்களுக்கு. இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது.

முதலில் இடமும் மாதமும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்த நமக்கு டிசம்பர், ஜனவரியில் இந்த ஊரே குளிர்தான். மேலே ஏற ஏற இன்னும் குறையும்: ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. நந்தி மலை 1,478 மீட்டர். நகரத்தில் 15 டிகிரி இருக்கும் ஜனவரி விடியற்காலையில் அந்த உயரத்தில் 11, 12 டிகிரியை எதிர்பார்க்கலாம். காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். உயரமே இல்லாத ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும்கூட நகரத்தைவிடக் குளிர் அதிகம், ஏனென்றால் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரக் கட்டடமும் தார்ச்சாலையும் அங்கே கிடையாது. 1884 ஜனவரியில் பெங்களூரிலேயே 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த அளவு இனி வராது என்று நினைத்துப் பையைக் கட்டாதீர்கள்.

முதல் தடவை போகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். குளிர் இருக்கும், ஆனால் பெரும்பாலும் மழை இருக்காது. குளிரைச் சமாளிக்கப் பொருள் இருந்தால் போதும், மழையைச் சமாளிக்கப் பழக்கமும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று இடி மின்னலோடு மழை கொட்டும். ஜூன் தொடங்கி குடகு, சிக்கமகளூர் பக்கம் மலைகள் நனைந்து ஊறிக் கிடக்கும், அட்டை காலில் ஏறும். பெங்களூரைச் சுற்றி செப்டம்பர், அக்டோபர் நல்ல மழை மாதங்கள்.

அடுத்தது அனுமதி. மலை தெரிகிறது, பாதை தெரிகிறது, மேலே போய் டென்ட் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள பல மலைகள் வனத்துறை கையில் இருக்கின்றன. பகலில் ஏறுவதற்கே முன்பதிவு கேட்கும் இடங்கள் உண்டு. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இரவு தங்குவது குற்றம். பன்னேர்கட்டாவிலிருந்து காவிரி வரைக்கும் உள்ள காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. ஆகவே முதல் இரவை யாராவது பொறுப்பெடுத்து நடத்தும் முகாமில் கழியுங்கள். தோட்டங்களில், ஏரிக்கரைகளில் தனியார் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. காவிரிக் கரையில் பீமேஸ்வரி போன்ற இடங்களில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம் நடத்துகிறது.

பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: டென்ட் நீங்கள் தருகிறீர்களா? அதற்குள் மெத்தை இருக்கிறதா, வெறும் பாயா? போர்வை உண்டா? குடிதண்ணீர், கழிப்பறை இருக்கின்றனவா? நாங்களே சமைக்கலாமா? பல முகாம்களில் இதில் பாதிக்கு "இருக்கிறது" என்று பதில் வரும், அந்த அளவுக்கு உங்கள் பையும் இளைத்துவிடும். கன்னடம் வராதே என்று தயங்க வேண்டாம். "நீரு எல்லி சிகுத்தெ?" என்றால் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அர்த்தம். "ஆனெ பருத்தா?" என்றால் யானை வருமா. இந்த இரண்டையும் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். யானையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வரைபடத்துக்குத் தெரியாது.

தூக்கம்தான் பாதிப் பை

என் முதல் இரவு கோலார் பக்கம் ஓர் ஏரிக்கரையில், ஒரு ஜனவரி மாதம். அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமுக்காளத்தைக் கீழே விரித்து, மேலே இரண்டு கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டு படுத்தேன். பதினொரு மணி வரை சுகமாக இருந்தது. ஒரு மணிக்கு முதுகு சில்லிட்டு விழித்தேன். மேலே இன்னொரு போர்வை போட்டேன், பயன் இல்லை. வலது பக்கம் படுத்தால் வலது தோளும் இடுப்பும் மரத்துப் போயின, திரும்பிப் படுத்தால் இடது பக்கம். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள் விடியும் வரைக்கும் படுக்கவே இல்லை.

அப்போது எனக்குப் புரியாதது இது: குளிர் காற்றிலிருந்து வந்ததைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வந்தது. போர்வை நம்மைச் சூடாக வைத்திருப்பது அதன் இழைகளுக்கு நடுவே அகப்பட்டு நிற்கும் காற்றினால். நாம் மேலே படுத்ததும் அடியில் இருக்கும் துணி நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. பிறகு உடம்புச் சூடு நேராக மண்ணுக்குப் போகிறது. ஜமுக்காளம் கெட்டியான துணி, ஆனால் அதில் காற்று நிற்க இடம் கிடையாது. மேலே எத்தனை போர்வை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் நான் முதலில் வாங்கச் சொல்வது பாய். கடையில் ஃபோம் மேட் என்று கேட்டால் தருவார்கள். மூடிய சின்னச் சின்னக் காற்றறைகள் உள்ள ஃபோம். உடம்பு அழுத்தினாலும் காற்று வெளியேறாது. சுருட்டினாலோ மடித்தாலோ பைக்கு வெளியே கட்டிவிடலாம். அரைக் கிலோ எடைகூட வராது. பாய் எவ்வளவு சூட்டைத் தடுக்கிறது என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். நம் பக்கத்துக் குளிருக்கு 2 அளவில் இருந்தால் தாராளம். காற்று ஊதும் மெத்தை இன்னும் மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே எந்தத் தடுப்பும் இல்லாத மெத்தைக்குள் காற்று சுற்றிச் சுற்றி வந்து சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். போதாததற்கு நம் மண்ணில் கருவேல முள் இருக்கிறது, ஒரு முள் குத்தினால் அத்தோடு மெத்தையின் வேலை முடிந்தது. வீட்டில் யோகா பாய் இருந்தால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு முதல் இரவை ஓட்டிவிடலாம்.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுக்கும் மெத்தென்ற பை. அதன் உறையில் இரண்டு மூன்று வெப்ப எண்கள் அச்சிட்டிருக்கும். அதில் கம்ஃபர்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள், அந்தக் குளிர் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை. கடைக்காரர் பெரும்பாலும் இருப்பதிலேயே குறைந்த எண்ணைச் சொல்லித்தான் விற்பார். குளிர் அதிகம் தெரிகிற உடம்பு என்றால், எதிர்பார்க்கும் குளிரைவிட கம்ஃபர்ட் எண் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதை எடுங்கள். பெங்களூரைச் சுற்றி டிசம்பர் ஜனவரிக்கு கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ளது போதும். பறவை இறகு அடைத்தது வேண்டாம். விலை அதிகம், நனைந்தால் சூடு தராது. செயற்கைப் பஞ்சு அடைத்தது சற்றுக் கனம், ஆனால் ஈரத்தைத் தாங்கும்.

வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் எத்தனை பேர் படுத்தார்களோ என்ற கூச்சம் எல்லாருக்கும் வரும். அதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. பழைய பருத்திப் புடவை ஒன்றை நீளம் பாதியாகும்படி மடித்து, மடிப்பைக் கால் பக்கம் வைத்து, இரண்டு பக்கவாட்டையும் தைத்துவிடுங்கள். அதற்குள் நுழைந்து, பிறகு பேக்குக்குள் நுழைய வேண்டும். துவைக்க எளிது, ஒரு அடுக்குச் சூடும் கூடுதலாகக் கிடைக்கும். ஏப்ரலில் அந்தப் புடவை உறை மட்டுமே போதும். என்னிடம் இருப்பது பாட்டியின் சுங்குடிப் புடவையில் தைத்தது. எட்டு வருஷமாக உழைக்கிறது.

தூங்குவதற்கு என்று ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸையும் ஒரு மங்கி குல்லாவையும் பாலித்தீன் பைக்குள் போட்டுத் தனியாக வையுங்கள். பகலில் என்ன நடந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். நடந்து வேர்த்த சாக்ஸோடு படுத்தால் ஈரம் கால் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துப் பாருங்கள். விடியற்காலையிலும் அதில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும், அந்தத் தண்ணீரையே குடித்துக்கொள்ளலாம்.

டென்ட்டைப் பார்த்து எடுப்பது

முதல் டென்ட்டை வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள், அல்லது நண்பரிடம் கேளுங்கள். எந்த அளவு நமக்குச் சரி என்பது இரண்டு தடவை படுத்த பிறகுதான் தெரியும். "இரண்டு பேர்" என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம், பைக்கு இடம் இருக்காது. இரண்டு பேர் பைகளோடு வசதியாகப் படுக்க மூன்று பேர் டென்ட்டை எடுங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியது இரட்டை அடுக்கு. உள்ளே வலை உள்ள ஓர் அறை, அதற்கு மேலே தொடாமல் நிற்கும் மழைத்துணி. நம் மூச்சிலிருந்து இரவு முழுக்க நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும், குளிர்ந்த துணியில் பட்டதும் அது துளியாகிவிடும். ஒற்றை அடுக்கு டென்ட்டில் அந்தத் துளி முகத்தில் சொட்டும். "டென்ட் ஒழுகுது" என்று வரும் புகார்களில் பல இந்த மூச்சுத் தண்ணீர்தான். இரட்டை அடுக்கில் துளி வெளித்துணியின் உள்பக்கம் வழிந்து கீழே போய்விடும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

மழைத்துணியில் 1,500 மி.மீ., 2,000 மி.மீ. என்று எழுதியிருப்பது அந்தத் துணி எவ்வளவு உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தை ஒழுகாமல் தாங்கும் என்பதற்கான அளவு. நம் தேவைக்கு 2,000 நன்றாகவே போதும்.

தக்காணத்துக் கருங்கல் நிலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராமநகரம், மாகடி, சிக்கபள்ளாபூர் பக்கம் அரை அடி மண்ணுக்குக் கீழே பாறை தட்டும். டென்ட்டோடு வரும் மெல்லிய ஆணிகள் அங்கே வளைந்துவிடும். பத்து மீட்டர் நைலான் கயிறு கூடுதலாக எடுத்துப் போங்கள். தலை அளவு கல்லைச் சுற்றிக் கட்டி, ஆணி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடலாம். வெளிநாட்டுப் பட்டியல்களில் இந்தக் கயிறு ஒப்புக்கு ஒரு வரியில் வரும். இங்கே காற்று அடிக்கும் இரவில் டென்ட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அடியில் விரிக்க ஒரு பாலித்தீன் தார்ப்பாயும் வேண்டும். அது டென்ட்டின் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்கும்படி மடியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து நம் அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். ஒரு தடவை பையைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இருட்டும் நேரத்தில் பிரித்தால் கம்பங்களில் ஒரு துண்டு குறைந்தது. அன்று மூங்கில் குச்சி ஒன்றைத் துணியால் சுற்றிக் கட்டி நிமிர்த்தினோம். கம்பம் செருகும் துணிக்குழல் கிழிந்துபோனது. திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கிழிசலுக்கும் சேர்த்துப் பணம் பிடித்துக்கொண்டார்கள். கம்பம் குறைந்ததைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு கடை வாசலிலேயே முழுவதும் விரித்து, நிறுத்தி, ஜிப்பை இரண்டு பக்கமும் ஓட்டி, ஆணிகளை எண்ணி, போனில் படமும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். பதினைந்து நிமிடம் ஆகும். அங்கேயே டென்ட் கட்டவும் பழகிவிடலாம்.

ஜிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. கடித்தது பல நேரம் வலிக்காது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே போகலாம். வலை அறையின் ஜிப் கடைசி அங்குலம் வரை மூடுகிறதா என்று பாருங்கள், உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் உடனே மூடுங்கள். ஷூவை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்திருந்தால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் கால் நுழையுங்கள்.

டென்ட்டை எங்கே அடிப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. வறண்ட ஓடையின் மணல் படுக்கை மெத்தென்று இருக்கும், ஆனால் எங்கோ மேலே பெய்த மழை அங்கேதான் வந்து இறங்கும். காய்ந்த கிளை உள்ள மரத்தடி வேண்டாம், தென்னை அடியும் வேண்டாம். இடி இடிக்கிற மாதங்களில் மலை உச்சியிலும் வெட்டவெளியில் தனியாக நிற்கும் மரத்தடியிலும் இருக்கக் கூடாது. இடி கேட்டால் டென்ட்டை விட்டுவிட்டுக் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், டென்ட் துணி மின்னலைத் தடுக்காது.

எதை வாங்குவது, எங்கே

என் முறை இதுதான். டென்ட், ஸ்லீப்பிங் பேக், பெரிய பை மூன்றும் வாடகை. ஓர் இரவுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். பாய், தலையில் மாட்டும் விளக்கு, ஷூ மூன்றும் சொந்தம். ஷூவை இரவல் வாங்கி நடந்தால் காலில் கொப்புளம்தான். புது ஷூவையும் முகாமுக்கு என்று எடுத்து வைக்காமல், இரண்டு வாரம் அல்சூர் ஏரியைச் சுற்றியோ கப்பன் பார்க்கிலோ நடந்து காலுக்குப் பழக்குங்கள்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் டெகாத்லான் போன்ற பெரிய கடைக்குப் போங்கள். இந்தியாவில் அவர்கள் 2009இல் தொடங்கியதே இந்த ஊரின் சர்ஜாபூர் சாலையில்தான். வைல்ட்கிராஃப்டும் இந்த ஊரில் பிறந்த நிறுவனம். தார்ப்பாய், கயிறு, ஸ்டீல் தூக்கு, அலுமினியப் பாத்திரம் இவற்றுக்கு அங்கே போக வேண்டாம். சிக்பேட்டையிலோ சிவாஜிநகரிலோ நுழைந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும், தமிழிலேயே பேரம் பேசலாம்.

துணிமணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடக்கும்போது ஜீன்ஸும் கெட்டிப் பருத்திச் சட்டையும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது. மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும். அதன்மேல் ஒரு ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர். அதற்கும் மேலே காற்றும் மழையும் நுழையாத ஒரு மெல்லிய ஜாக்கெட். ஒரே ஒரு கனத்த கோட்டை எடுத்துப் போவதைவிட இப்படி அடுக்கடுக்காகப் போட்டால், வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றலாம், குளிரும்போது மாட்டலாம். டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. அரை மணியில் காயும், தலையில் கட்டலாம், சுடுபாத்திரம் பிடிக்கலாம், அடிபட்ட கையைத் தொட்டில் கட்டலாம். ஒரு லுங்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்ற மறைப்பு, படுக்க விரிப்பு, போர்த்திக்கொள்ளப் போர்வை எல்லாமே அதுதான். பெண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வெளிச்சம்

போன் டார்ச்சை நம்பிப் போகாதீர்கள். இருட்டில் இரண்டு கையும் வேண்டும்: கம்பத்தைச் செருக, கயிறு கட்ட, சமைக்க, கழிப்பறைக்குப் போக. தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும், 200 லூமென் அளவு போதும். பேட்டரி போடும் வகையாக இருந்தால் மாற்று பேட்டரி ஒரு செட், சார்ஜ் ஏற்றும் வகை என்றால் 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று. பையில் தானாக அழுந்தி எரிந்து தீர்ந்துவிடாமல் பூட்டும் வசதி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைக்கலாம். டென்ட்டுக்குள் பொது வெளிச்சத்துக்குத் தனி லாந்தர் தேவையில்லை. தண்ணீர் நிரம்பிய வெள்ளை பாட்டில்மேல் விளக்கைக் கவிழ்த்து வைத்தால் முழு டென்ட்டுக்கும் வெளிச்சம் பரவும். சிகப்பு விளக்கு இருக்கும் வகையாக அமைந்தால் நல்லது, நட்சத்திரம் பார்க்கும்போது கண் கூசாது.

தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நாலு லிட்டர் என்று கணக்கு வையுங்கள், குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து. மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. பையில் இருப்பதிலேயே கனமான பொருள் தண்ணீர்தான். அதனால்தான் தண்ணீர் எங்கே என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன். முகாமில் நல்ல தண்ணீர் உண்டு என்றால் வழிக்கு மட்டும் எடுத்துப் போகலாம். ஏரி, ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் வைத்திருந்து ஆற விடுங்கள். குளோரின் மாத்திரையும் எடுத்துப் போகலாம், ஆனால் கலங்கிய தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது.

முதல் முகாமில் சமைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுப்பு, கேஸ் கேனிஸ்டர், பாத்திரம், கரண்டி, எண்ணெய், கழுவும் சாமான் எல்லாம் சேர்ந்தால் மூன்று நாலு கிலோ ஏறிவிடும், இருட்டில் பழக்கமில்லாத அடுப்பும் ஆபத்து. நமக்குக் கட்டுச்சோறு என்று ஒன்று இருக்கிறது. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனவர்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாடு அது, முகாமுக்கு அதைவிடப் பொருத்தமானது எது? புளியோதரை ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். புளியும் நல்லெண்ணெயும் கெடாமல் காக்கும். சோற்றை நன்றாக ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிவிடும். இட்லியில் எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி வாழையிலையில் மடித்தால் மறுநாள் காலைப் பலகாரத்துக்கும் ஆகும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், முதலில் கெடுவது அதுதான். வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த கடலை கொஞ்சம். படுக்கும் முன் ஒரு கைப்பிடி கடலை சாப்பிட்டால் இரவில் உடம்பு சூடாக இருக்கும்.

காபி இல்லாமல் விடியாதே என்கிறவர்கள் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று எடுத்துப் போகலாம். கேனிஸ்டரின் திருகு உங்கள் அடுப்புக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். எரிவாயு கேனிஸ்டரோடு ரயிலிலோ மெட்ரோவிலோ ஏறக் கூடாது, விமானத்திலும் விடமாட்டார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் அடுப்பு ஆசையை விட்டுவிட்டு வெந்நீர் பிளாஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தயவுசெய்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: டென்ட்டுக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது, கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மழை பெய்தாலும், நடுங்கினாலும் கூடாது. எரியும் பொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அணைந்ததுபோல் இருக்கும் கரியிலிருந்தும் அது வரும். வெளியே தீ மூட்டுவதும் முகாம்காரர்கள் ஒதுக்கிய இடத்தில் மட்டும். பிப்ரவரியிலிருந்து மழை வரும் வரைக்கும் காய்ந்த புல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

மருந்துப் பை

சின்ன டப்பா போதும். நீங்கள் தினமும் எடுக்கும் மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக, ஓஆர்எஸ் நாலு பாக்கெட், பாரசிட்டமால், பஞ்சு, பிளாஸ்திரி, கிரேப் பேண்டேஜ் ஒன்று, புண்ணுக்குத் தடவும் மருந்து, கொசுவுக்கு ஓடோமாஸ். மழை மாதங்களில் குடகுப் பக்கம் போனால் அட்டைக்கு உப்புப் பொட்டலம். அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் அதன் வாய்ப்பக்கம் தள்ளினால் விடும். பிறகு ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும்; அட்டை செலுத்தும் திரவம் ரத்தத்தை உறைய விடாது, பயப்பட வேண்டாம்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதையும் செய்யாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் கட்டி, நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், ஆகவே பாம்பைப் பிடிக்க நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. முகாமுக்கு அருகில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருக்கிறது என்று கிளம்பும் முன்பே போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. சிக்னல் இல்லாத இடம் என்றால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுக்குவதும் ஒத்திகையும்

ஓர் இரவுக்கு 40 லிட்டர் பை போதும், 50க்கு மேல் வேண்டாம். பை பெரிதானால் அதை நிரப்பத் தேவையில்லாதவையும் ஏறும். மொத்தக் கனம் உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 55 கிலோ எடை உள்ளவர் 11 கிலோ. இடுப்புப் பட்டை உள்ள பையாக எடுங்கள். பட்டையை இடுப்பு எலும்பின்மேல் இறுக்கினால் கனம் கால்களுக்கு இறங்கும், தோள் வலிக்காது.

முதலில் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை உள்ளே விரியுங்கள். மேலே மாட்டும் மழை உறையைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். அடியில் ஸ்லீப்பிங் பேக்கும் தூங்கும் உடையும். நடுவில், முதுகை ஒட்டி, தண்ணீரும் சாப்பாடும். கனம் முதுகை விட்டு விலகினால் பை பின்னால் இழுக்கும். மேலே மழை ஜாக்கெட், விளக்கு, மருந்து. நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் இந்த மூன்றும் இருட்டில் தடவினால் கைக்கு வர வேண்டும்.

அடுக்கி முடித்ததும் அந்தப் பையோடு மொட்டை மாடிக்குப் போங்கள். வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டென்ட்டை அங்கே அடித்து, விளக்கை அணைத்து, ஓர் இரவு முழுக்கப் படுத்துப் பாருங்கள். நான் சொன்னதிலேயே அதிகம் பயன் தரும் ஒத்திகை இதுதான், பத்துப் பைசா செலவில்லை. தளத்தில் ஆணி இறங்காது, கல்லில் கயிறு கட்டவும் பழகிவிடும். ஈஜிபுரா மாடியில் ஜனவரி நாலு மணிக்கு முதுகு குளிர்ந்தால் ஸ்கந்தகிரி அடிவாரத்தில் இன்னும் குளிரும், ஆனால் மாடியில் என்றால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம்.

மறுநாள் காலையில் பையிலிருந்து எடுக்கவே எடுக்காத பொருள்களை ஒரு பக்கம் குவித்துப் பாருங்கள். எங்களிடம் ஒத்திகை பார்த்தவர்கள் குவித்ததில் புளூடூத் ஸ்பீக்கர், மடக்கு நாற்காலி, கோடாலி, மூன்றாவது செட் உடை, பெரிய கத்தி, கண்ணாடி பாட்டில் எல்லாம் இருந்திருக்கின்றன. மழைக்கோட்டும் மருந்தும் அந்தக் குவியலில் சேராது, பயன்படாமல் திரும்பினாலும் அவை போக வேண்டியவை. மற்றதை வீட்டிலேயே விடுங்கள். ஸ்பீக்கரைக் கட்டாயம் விடுங்கள். பக்கத்து டென்ட்டில் ஒரு குழந்தை தூங்கும், காட்டோரத்தில் யானை வரும் சத்தமும் உங்களுக்குக் கேட்க வேண்டும். பையில் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இரண்டு குப்பைப் பைகளை வையுங்கள். நம் பொட்டலமும் பாக்கெட்டும் பெங்களூருக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

திரும்பி வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்ட்டை மாடிக் கொடியில் விரித்துக் காயப் போடுங்கள். பனி ஈரத்தோடு மடித்தால் இரண்டு நாளில் பூசணம் பிடித்து நாறும், வாடகை டென்ட் என்றால் முன்பணம் போகும். ஸ்லீப்பிங் பேக்கையும் நிழலில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். டென்ட் காய்ந்ததும் உதறி, கம்பங்களைத் துணியால் துடைத்து, மடிக்கும் முன் ஆணிகளை ஒரு தடவை எண்ணுங்கள்.